தேதி எல்லாம் அடுத்தவர் கையில்

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை வருடத்துக்கு மொத்தம் 12 வாரம். எனக்கு அலுவலகத்தில் 20 நாள் விடுப்பு, கணவருக்கும் அதே 20. ஆளுக்கு 4 வாரம். இருவரும் மாறி மாறி எடுத்தால் 8 வாரம் பிள்ளைகளோடு யாராவது ஒருவர் இருக்கலாம், ஆனால் நான்கு பேரும் சேர்ந்து எங்கேயும் போக முடியாது. இருவரும் ஒன்றாகவே எடுத்தால் 4 வாரம் ஊர் சுற்றலாம், மிச்ச 8 வாரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. நடுவில் எங்கோ நின்று பேரம் பேசி, 2 வாரம் சேர்ந்து, மற்றதெல்லாம் தனித்தனியாக என்று முடிவெடுத்தோம். ஆக 6 வாரத்துக்கு ஆள் உண்டு, 6 வாரத்துக்கு இல்லை. அந்த ஆறில் 3 வாரம் என் அம்மா வந்து இருப்பதாகச் சொன்னார், ஒரு வாரம் விளையாட்டு முகாம், மீதி 2 வாரம் 'வீட்டிலிருந்து வேலை' என்ற பெயரில் அலுவலகத்திடமும் பிள்ளைகளிடமும் ஒரே நேரத்தில் நாங்கள் சொல்லப்போகிற பொய்.

இத்தனையும் யாருக்கும் காய்ச்சல் வராத வருடத்துக்கான கணக்கு.

(20 நாளே அதிகம் என்று நினைக்கிறவர்களும் இருப்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1936-ல் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு முதன்முதலில் ஒப்பந்தம் கொண்டுவந்தபோது குறைந்தபட்ச அளவு வருடத்துக்கு 6 வேலைநாள். 1970-ல்தான் அது 3 வாரமாக உயர்ந்தது. தெரிந்துகொண்டபோது கொஞ்சம் அடங்கினேன், ரொம்ப நேரம் இல்லை.)

2025 ஜனவரி 5, வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் இருக்கும் பெரிய காலண்டரை விரித்தோம். பள்ளிக்கு நீலம், வேலைக்குச் சிவப்பு, விளையாட்டுக்குப் பச்சை, பயணத்துக்கு ஆரஞ்சு. வண்ணப் பேனா வாங்கியதே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 9. அவன்தான் முதலில் ஒன்றைக் கண்டுபிடித்தான்: போன வருடக் காலண்டரில் அவன் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை, இந்த வருடம் சனிக்கிழமை. ஏன் என்று கேட்டான். 365-ஐ 7-ஆல் வகுத்தால் 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும், அந்த ஒரு நாள்தான் தேதியை ஒரு கிழமை தள்ளிவிடுகிறது என்றார் அவன் அப்பா. "அந்த மிச்ச நாள் யாருக்கு?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. நான் மனதுக்குள் எனக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

நீலம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பள்ளி நல்ல பிள்ளை மாதிரி முழு வருடத் தேதியையும் ஒரே தாளில் கொடுத்துவிடும். சிவப்பில்தான் சிக்கல் ஆரம்பித்தது. நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசி மூன்று நாள், அடுத்த மாதத்தின் முதல் மூன்று நாள், கணக்கு முடிக்கும் நேரம், விடுப்பு கேட்கவே கூடாது. மாத முடிவில் வந்து விழுகிற பள்ளி விடுமுறை எனக்கு இருந்தும் இல்லாத மாதிரி. கணவருக்கு ஒரு பெரிய வேலை ஏப்ரலில் முடிகிறது, முடிந்தால்தான் எப்போது விடுப்பு என்று தெரியும். பச்சை? கால்பந்து லீக்கின் ஆட்டத் தேதிகள் மூன்று வாரத்துக்கு முன்புதான் வரும். நாக்-அவுட் சுற்று என்றால் அதுவும் இல்லை, யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் யாருக்கு எப்போது ஆட்டம் என்று தெரியும். ஆரஞ்சு மட்டும் உடனே வேண்டும், ஏனென்றால் டிக்கெட் இப்போதே போட்டால்தான் கட்டுப்படியாகும்.

அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். எது கடைசியில் தெரியவருகிறதோ அது அசையாது. ஆட்டத் தேதியைப் பயிற்சியாளரே மாற்ற முடியாது. எதை முதலிலேயே பணம் கட்டி முடிவு செய்கிறோமோ, அது மற்ற மூன்றையும் நம்பி நிற்கிறது. தலைகீழான வரிசை. தேதி எல்லாம் அடுத்தவர் கையில், நம் கையில் இருப்பது நான்கு பேனா. ஆனால் அன்று எனக்கு உறைக்கவில்லை, இரண்டாம் பருவ விடுமுறையில் இரண்டு வாரத்துக்கு ஆரஞ்சு அடித்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

கணவரின் ஏப்ரல் ஜூலையில் வந்தது. இதில் அவரைக் குறை சொல்ல ஆசைதான், ஆனால் உலகமே அப்படித்தான் என்று படித்திருக்கிறேன். தன் வேலை எப்போது முடியும் என்று கேட்டால் ஆட்கள் எப்போதும் குறைத்தே சொல்வார்கள், முன்பு எத்தனை முறை தாமதமானாலும் சரி, இதை உளவியலாளர்கள் கானமனும் டிவெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். 1994-ல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் பட்ட ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மாணவர்கள் சொன்னது சராசரி 34 நாள், ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன கணக்குகூட 50-ஐத் தொடவில்லை. எனக்குப் பிடித்தது அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு விஷயம்: அடுத்தவர் வேலைக்கு நாள் சொல்லச் சொன்னால் ஆட்களுக்கு இந்த அசட்டு நம்பிக்கை வருவதில்லை.

உடனே வீட்டில் ஒரு விதி போட்டேன். இனி அவரவர் வேலைக்கு அவரவர் தேதி சொல்லக் கூடாது, வேறொருவர்தான் சொல்ல வேண்டும். மகள் அறிவியல் பாடத்துக்கு நீர்ச் சுழற்சி மாதிரி செய்ய வேண்டியிருந்தது, "ரெண்டே நாள்" என்றாள். தம்பியைக் கேட்டேன். "கடைசி நாள் ராத்திரி அம்மா செய்வாங்க" என்றான். அவன் சொன்னதுதான் நடந்தது. பஞ்சில் மேகம் ஒட்டும்போது மணி பதினொன்றரை, பசை விரலோடு காய்ந்துபோய் மறுநாள் அலுவலகத்தில் கீபோர்டு தட்டும்போதெல்லாம் அந்த விரல் மட்டும் மரத்துக் கிடந்தது.

பள்ளி கொடுத்த நீலத் தாளைப் பற்றி நல்ல பிள்ளை என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பெரிய தேதிகளில் நல்ல பிள்ளை. சின்னத் தேதிகள் செவ்வாய் மாலை வந்து வியாழன் காலை நிற்கும். மாறுவேடம், பெற்றோர் சந்திப்பு, 'நாளை அனைவரும் காலியான அட்டைப் பெட்டி கொண்டுவரவும்'. இதற்கெல்லாம் நிறமே ஒதுக்கவில்லை.

மகன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவன் நீச்சல். அவனுடைய கழகத்தில் வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பார்கள், அவன் பிறந்தது டிசம்பர் 27. அதாவது அதே ஆண்டு ஜனவரியில் பிறந்த பையனோடு, தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது பெரியவனோடு, பக்கத்துப் பக்கத்து லேனில் நீந்த வேண்டும். அந்த வயதில் ஒரு வருடம் என்பது மூன்று நான்கு விரல் உயரம். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதத்தை ரோஜர் பார்ன்ஸ்லி குழுவினர் 1985-ல் எடுத்துப் பார்த்தபோது வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதக்காரர்களைவிட மிக அதிகமாக இருந்தார்கள், ஏனென்றால் சிறுவர் பிரிவுக்கான எல்லைத் தேதி ஜனவரி 1. திறமை என்று நாம் கைதட்டுவதில் ஒரு பங்கு காலண்டர்தான். இதை அவனிடம் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "அப்போ நான் அஞ்சு நாள் கழிச்சுப் பிறந்திருக்கலாமே" என்று என்னையே பார்த்தான், என் தப்பு போல.

அவன் கடைசியாக வருவதுகூடப் பிரச்சினை இல்லை, காலை 4:45-க்கு எழுப்புவதுதான். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. 4:45-இலிருந்து 9 மணி நேரம் பின்னால் போனால் இரவு 7:45. அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் பாதி வீட்டுப்பாடம்கூட முடிந்திருக்காது. ஒரு வியாழக்கிழமை, பல் துலக்கிக்கொண்டே கண்ணாடி முன் நின்றபடி தூங்கிவிட்டான், பிரஷ் வாயிலேயே இருந்தது. எனக்குத் தண்ணி பிடிக்கும், ஸ்டாப்வாட்ச்தான் பிடிக்கலை என்று அவனே அந்த வாரம் சொன்னான். போட்டிக் குழுவிலிருந்து எடுத்துவிட்டோம். பயிற்சியாளர் வருத்தப்பட்டார், கணவர் ஒரு நாள் பேசாமல் இருந்தார், வாரத்துக்கு நான்கு காலையும் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமையும் திரும்பக் கிடைத்தன. இப்போது ஞாயிறு மாலை போய்க் குளத்தின் அடியில் உட்கார்ந்து மூச்சடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறான், அது எந்தப் பிரிவிலும் வராத விளையாட்டு.

மகள் அப்படி இல்லை. அவளுக்குக் கால்பந்து என்றால் உயிர். கழகப் பயிற்சி வாரம் மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம். பள்ளி அணி இரண்டு நாள், ஒன்றரை ஒன்றரை. சனிக்கிழமை ஆட்டம் இரண்டு மணி நேரம். இதற்குமேல் தனிப் பயிற்சி வேண்டும் என்று அடம்பிடித்து இன்னொரு இரண்டு. கூட்டினால் 13. அப்போது நான் கூட்டிப் பார்க்கவில்லை. தனித்தனியாகக் கேட்டு வந்தாள், தனித்தனியாகச் சரி என்று சொன்னோம்.

முதல் பருவம் முடிகிற நேரத்தில் காலையில் முன்பாதத்தில் நடக்க ஆரம்பித்தாள், குதிகால் தரையில் படாமல், பூனை மாதிரி. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் உருவிப் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் குதிகாலில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. சாதாரணமாக ஒவ்வொரு பந்தையும் திரும்ப விளையாடிக் காட்டுகிற பெண்.

பிசியோதெரபிஸ்ட் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. குதிகாலை இரண்டு பக்கமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்தினார், மகள் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டாள். அவ்வளவுதான் பரிசோதனை. வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்புறம் இன்னும் முழுசாக எலும்பாகாத ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும், கெண்டைக்கால் தசைநார் வந்து சேர்கிற இடமும் அதுதான். எலும்பு வேகமாக வளர்கிறது, தசையும் தசைநாரும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் இழுபடுகின்றன, ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்த இழுவை தட்டின் மேல் விழுகிறது. 1912-லேயே இதை விவரித்த செவர் என்ற மருத்துவரின் பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். தட்டு எலும்பாக மூடிக்கொண்டதும் தானாகப் போய்விடும், நிரந்தரச் சேதம் வராது, ஆனால் அதுவரைக்கும் சுமையைக் குறைக்க வேண்டும். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, ஷூவுக்குள் குதிகாலுக்கு மெத்தை, சில வாரம் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும், இப்போதைக்கு நிறுத்தினால் இன்னும் நல்லது என்றார்.

பிறகு அவர்தான் கேட்டார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று. நான் விரல் விட்டு எண்ணி 13 என்றேன். "வயசு?" 11. அமெரிக்க மருத்துவர் நீரு ஜெயந்தியும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார்: வயது எத்தனையோ அதைவிட அதிக மணி நேரம் வாரத்தில் முறைப்படி விளையாடும் பிள்ளைகளுக்கு, அளவுக்கு மீறிய பயிற்சியால் வரும் மோசமான காயம் அதிகம். எளிதான கணக்கு. பதினோரு வயது, பதினோரு மணி நேரம். தினம் கோடிக்கணக்கில் கணக்குப் பார்க்கிறவள் என் வீட்டில் இரண்டு மணி நேரத்தைக் கோட்டைவிட்டிருந்தேன்.

இந்த இடத்தில் பயணத்தின் கதைக்குப் போக வேண்டும், ஏனென்றால் பிசியோதெரபிஸ்டிடம் போவதற்கு ஒரு வாரம் முன்புதான் ஆட்டத் தேதி வந்திருந்தது. மகளின் அணி நாக்-அவுட் சுற்றுக்கு வந்துவிட்டது, காலிறுதியும் ஜெயித்துவிட்டது. அரையிறுதி எங்கள் ஆரஞ்சு நிறத்தின் இரண்டாவது சனிக்கிழமை.

அதற்குள் ஆரஞ்சு வேறு ஒரு அடி வாங்கியிருந்தது. டிக்கெட் போட்ட சந்தோஷத்தில் மூன்று வாரம் போய்விட்டது, அப்புறம்தான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். பெரியவர்கள் பாஸ்போர்ட் பத்து வருடம், பிள்ளைகளுக்கு ஐந்துதான். மகனுடையதில் நான்கு வயதுப் படம், இரண்டு கன்னமும் உப்பி, கேமராவைக் கண்டு கோபமாக. நாங்கள் போகிற தேதிக்கு அது செல்லும், ஆனால் போகிற நாட்டுக்குள் நுழையக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். நிறைய நாடுகள் அப்படிக் கேட்கின்றன. நான்கு மாதம்தான் இருந்தது. புதுப்பிக்க வரிசையில் நின்று, படம் சரியில்லை என்று திரும்பி வந்து, மறுபடி போய், இதற்கே என் விடுப்பில் இரண்டு நாள் போயிற்று. சேர்ந்து செலவழிக்க வைத்திருந்த பத்து நாளில் எனக்கு இப்போது எட்டு.

சரி, எட்டு நாளே போதும் என்று ஒரு சமாதானமும் கிடைத்தது. நெதர்லாந்தில் விடுமுறைக்குப் போன ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளிவந்த ஆய்வில், மனநிலை உச்சத்தைத் தொடுவது எட்டாவது நாள் வாக்கில் என்று வந்தது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அது பழையபடி ஆகிவிடுகிறது. 1,530 பேரை வைத்து 2010-ல் அதே நாட்டில் நடந்த இன்னொன்று இதைவிடக் கறார்: பயணம் போகிறவர்கள் போகாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தது போவதற்கு முன்புதானாம். திரும்பி வந்த பிறகு இருதரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ரொம்ப நிம்மதியாகப் போய்வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஜனவரியில் மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சு அடித்தேனே, முக்கால்வாசிப் பயணத்தை அங்கேயே முடித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆக, அரையிறுதி. இரவெல்லாம் பேசினோம். கணவரும் மகளும் பின்தங்கி, ஆட்டம் முடிந்து வரலாமா? டிக்கெட் மாற்றக் கேட்ட கட்டணத்துக்குப் புது டிக்கெட்டே வாங்கலாம். எல்லோரும் ஒரு வாரத்தில் திரும்பலாமா? என் அம்மா மகளோடு வீட்டில் இருக்கலாமா? அம்மா போனில், "நான் இருக்கேன், ஆனா அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கிட்டு நீங்க மூணு பேர் எப்படிக் கிளம்புவீங்க?" என்று கேட்டார். இதற்கு நடுவில்தான் பிசியோதெரபிஸ்டிடம் போனது. ஆட்டத்தை நிறுத்தினால் நல்லது என்று அவர் சொன்ன நொடியில் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. அப்பாடா என்றிருந்தது. டிக்கெட் தப்பித்தது, மாற்ற வேண்டாம், யார் யாரோடு என்று பிரிக்க வேண்டாம். மூச்சை வெளியே விட்டேன், சத்தமாக விட்டிருக்க வேண்டும்.

காரில் போகும்போது பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள், "உங்களுக்குச் சந்தோஷம்தானே அம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கொஞ்சம்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிக்னலில் நிற்கும்போது, "பரவாயில்ல, எனக்கும் வலிக்குது" என்றாள், வலியை எனக்காக விட்டுக்கொடுக்கிற மாதிரி.

பயணம் நன்றாகவே இருந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நல்ல பயணங்களைப் பற்றி எப்போதும் அப்படித்தான். இரண்டாவது சனிக்கிழமை மட்டும் ஞாபகம் இருக்கிறது. தங்கிய இடத்தில் சிக்னல் ஒரே ஒரு மூலையில்தான் கிடைக்கும், மாடிப்படித் திருப்பத்தில். மகள் அங்கே குதிகாலுக்கு ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள், தம்பி இரண்டு படி கீழே. பயிற்சியாளரின் குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் அவள் வாசிப்பாள், அவன் கீழே எங்களுக்குக் கத்துவான். ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரம். பெனால்டி. அப்புறம் கத்தலே வரவில்லை. போய்ப் பார்த்தால் மகன் ஒரு படி மேலே ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நாலாவது பெனால்டி நான்தான் அடிப்பேன் எப்பவும்" என்றாள் அவள்.

இந்த வருடத் தாளும் மேசைக்கு வந்துவிட்டது. நீலம் முடிந்தது, பத்து நிமிடம்தான். சிவப்பில் கணவருடைய புது வேலை எப்போது முடியும் என்று நான்தான் எழுதினேன், அவர் சொன்னதற்கு மூன்று மாதம் தள்ளி, அவர் முகம் கோணியது. பச்சையில் மகள் தன் கையாலேயே வாரத்துக்கு 12 மணி என்று மேலே எழுதிவைத்திருக்கிறாள், வயது ஏறிவிட்டதாம், ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது. நாக்-அவுட் எந்த வாரம் வரும் என்று பயிற்சியாளரிடம் கேட்டிருக்கிறாள், அவருக்கும் தெரியவில்லை. எந்தெந்த வாரமாக இருக்கலாம் என்று அவளே நான்கு வாரத்தைப் பென்சிலில் வளைத்து, உள்ளே "ஒன்றும் போடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறாள். பள்ளி விடுமுறையும் விடுப்பும் ஒத்துவருகிற இரண்டு வாரமும் அந்த வளையத்துக்குள்தான் இருக்கின்றன. ஆரஞ்சுப் பேனா மூடி திறக்காமல் கிடக்கிறது. தினமும் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கணவர் டிக்கெட் விலையைத் திறந்து பார்க்கிறார், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று என்னிடம் சொல்கிறார், மூடிவைக்கிறார்.